பன்னிரண்டு பேர் சேரும்வரை

வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும் என் பையில் ஒரு புத்தகம் இருக்கும். பல் மருத்துவரைப் பார்க்கப் போனாலும் சரி, தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் சரி. பிள்ளைகள் பிறந்த பிறகு பையில் டயப்பரும் பால் போத்தலும் வந்து சேர்ந்தன, புத்தகம் வெளியேறவில்லை. சென்ற ஜூன் விடுமுறைவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். அடுப்படியில் என் முறை முடிந்ததும் பாயில் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். "அண்ணி, குடும்பத்தோட வந்த இடத்துலகூடவா புத்தகம்?" என்றாள் நாத்தனார். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய் வெள்ளரிக்காய் நறுக்கினேன். ஆனால் அந்தக் கேள்வி ஆண்டுக் கடைசிவரை என்னோடு வந்துகொண்டே இருந்தது.

அன்று பாயில் இருந்தவர்களில் பாதிப் பேர் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலில் எனக்கு இதுதான் உறுத்தியது. அப்புறம் யோசிக்க யோசிக்க, நாத்தனார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது. கைப்பேசி பார்ப்பவர் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். பார்த்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே நீட்டுகிறார், இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நாவலின் நூற்றைம்பதாவது பக்கத்தில் இருப்பவளால் அது முடியாது. அவள் சிரித்தால், "என்ன?" என்று கேட்பவருக்கு முதல் நூற்றைம்பது பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆள் பாயில் இருக்கிறாள், ஆனால் அவள் போன இடத்துக்கு வேறு யாரும் போக முடியாது. நாத்தனார் கண்ணில் பட்டது அதுதான்.

ஆனாலும் எனக்கென்று ஒரு பதில் இருந்தது. நான் குடும்பத்தைவிட்டு விலகுவதற்காகப் படிப்பதில்லை. என் ஆட்கள் எழுப்பும் சத்தத்துக்கு நடுவில் படிப்பது எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் சைக்கிளுக்குச் சண்டை போடுவதும், கரி வெடிப்பதும், சாங்கியில் இறங்கப்போகும் விமானம் தலைக்கு மேலே தாழப் பறப்பதும் கேட்டுக்கொண்டே படித்த பக்கங்கள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்த பக்கங்களைவிட ஆழமாக மனதில் நிற்கின்றன. எந்த நாவலை எந்தக் கடற்கரையில் முடித்தேன், எந்த அத்தியாயத்தில் மழை வந்து பாயைச் சுருட்டினோம் என்பதெல்லாம் இன்றைக்கும் சொல்வேன். வெளியே போவதும் படிப்பதும் எனக்கு ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொன்னாலும் அது என் சந்தோஷம் மட்டும்தானே, மற்றவர்களுக்கு அதில் என்ன பங்கு என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

நூலகத்திலிருந்து தொடங்கும் விடுமுறை

நவம்பர் மூன்றாம் வாரத்தில் பள்ளி மூடினால் ஏறக்குறைய ஆறு வாரம் விடுமுறை. எங்கள் வீட்டில் அது நூலகத்தில்தான் தொடங்கும். ஒரு அட்டைக்குப் பதினாறு புத்தகம், இருபத்தொரு நாள். வீட்டில் எல்லோரிடமும் அட்டை உண்டு என்பதால் சந்தைக்குப் போகும் தள்ளுவண்டிப் பையைத்தான் எடுத்துப் போவோம். செந்தோசா தீவுக்குப் போகிற நாளென்றால் விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் இருக்கும் ஹார்பர்ஃபிரண்ட் நூலகம். அங்கே சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் கடலும் எதிர்க்கரையும் தெரியும். பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்துவிடுவதால் பல தடவை செந்தோசாவுக்குப் போக மாலையாகிவிட்டிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பொங்கோல் வட்டார நூலகம் 2023-இல் திறந்த பிறகு, அணைக்கட்டுப் பக்கம் நடக்கப் போகும் நாள்களில் அங்கே ஒரு நடை.

என் மனதுக்கு நெருக்கமானது விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் தேசிய நூலகக் கட்டடம்தான். கீழ்த்தளத்தில் இரவல் நூலகம், மேலே ஏழாம் தளத்திலிருந்து லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். மேலே இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ்ப் புத்தகமெல்லாம் சென்னையிலிருந்துதான் வருகிறது என்று என் மகன் நினைத்துக்கொண்டிருந்தான். 1887-இலேயே இந்த ஊரில் ‘சிங்கை நேசன்’ என்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகை அச்சாகி வந்ததைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. அப்போது இங்கே பேருந்து உண்டா என்று கேட்டான். ரிக்‌ஷாவே வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்றேன். என் வீட்டுக்காரருக்குப் பழைய நூலகத்தின் மேல்தான் பாசம். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் 1960-இல் திறந்த அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துதான் அவர் தேர்வுக்குப் படித்திருக்கிறார். 2004-இல் மூடிவிட்டு, ஃபோர்ட் கேனிங் சுரங்கப் பாதைக்காக இடித்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்போதெல்லாம், "இங்கதான்" என்று ஒரு வார்த்தை சொல்வார். பிள்ளைகள் இப்போது அவருக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த டிசம்பரில் எடுத்தவற்றில் ஒன்று மலேசியச் சிறுகதைத் தொகுப்பு. ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய பழைய கதைகள். அட்டை மங்கி, ஓரம் பழுத்திருந்தது. எனக்காக எடுத்தது அது. புலாவ் உபின் தீவுக்குப் போன அன்று பையில் இருந்ததும் அதுதான்.

சாங்கிப் படகுத்துறையில்

உபினுக்குப் போகும் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். அவசரமென்றால் பன்னிரண்டு பேருக்கான காசையும் நாமே கொடுத்துவிட்டுத் தனியாகப் போகலாம். சனி, ஞாயிறுகளில் வரிசையில் நிற்பதற்குள் ஆள் சேர்ந்துவிடும். நாங்கள் போனது வாரநாளில், அதுவும் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய ஒரு காலையில். சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் பசியாறிவிட்டுப் படகுத்துறைக்கு வந்தால், எங்கள் ஐந்து பேரையும் சைக்கிள் தலைக்கவசத்தோடு இருந்த ஒரு இளம் தம்பதியையும் தவிர யாரும் இல்லை. இன்னும் ஐந்து பேர் வர வேண்டும். மழையும் விட வேண்டும்.

கொஞ்ச நேரம் எல்லோரும் மழையைப் பார்த்தோம். மகன் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டான். வீட்டுக்காரர் அலுவலக மின்னஞ்சலைப் பார்க்கத் தொடங்கினார். என் மாமியார் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பையில் கைவிட்டுப் புத்தகத்தைத் தொட்டேன், நாத்தனார் கேட்டது நினைவுக்கு வந்தது, கையை எடுத்துக்கொண்டேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டாள். "எடுங்கம்மா, போர் அடிக்குது. எனக்கும் கேக்குற மாதிரி படிங்க" என்றாள்.

அவளுக்குத் தூங்கப் போகும்போது படித்துக் காட்டியிருக்கிறேன், ஆனால் அவை படப் புத்தகங்கள். இது பெரியவர்களுக்கான கதை, அதுவும் பொது இடம். இருந்தாலும் தொகுப்பில் பேச்சு நிறைய இருந்த ஒரு கதையாகப் பார்த்துப் படித்தேன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதிலிருந்து கதை தொடங்கும். யாராவது பார்க்கிறார்களோ என்ற கூச்சத்தில் மளமளவென்று படித்துக்கொண்டு போனேன். ஒன்றரைப் பக்கம் தாண்டியிருக்காது, கண்ணைத் திறக்காமலேயே மாமியார் சொன்னார்: "ஏம்மா இப்படி ஓடுற? நிறுத்திப் படி. எங்கப்பா படிச்சா கடைசியில உக்காந்திருக்கிற ஆளுக்கும் கேக்கும்."

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். "மாமா படிப்பாங்களா அத்தை?" என்று கேட்கப் போய், "உங்கப்பா படிப்பாங்களா?" என்று திருத்திக் கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, மழையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

அவர் பிறந்தது மலேசியாவின் கெடாவில், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். பால்மரம் வெட்டும் குடும்பம். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டுக்கு ‘தமிழ் நேசன்’ பத்திரிகை வருமாம். கிராணி படித்து முடித்து மறுநாள் சாயங்காலம் இவர்கள் வீட்டுக்கு அனுப்புவாராம், ஏனென்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்தில் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர் இவருடைய அப்பாதான். சாப்பாடு முடிந்து மண்ணெண்ணெய் விளக்கைத் திண்ணையில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்களாம். ஆண்களுக்கு இந்தியச் செய்தியும் சம்பளப் பேச்சுவார்த்தையும் வேண்டும், பெண்களுக்கு ஞாயிறு பதிப்பில் வரும் கதை வேண்டும். கதை நாளில் பெண்கள் மொச்சைக்காயை உரித்துக்கொண்டே கேட்பார்கள். கதையில் வருகிறவள் கஷ்டப்பட்டால் ஒரு கிழவி வாய்விட்டுத் திட்டுவாராம், அப்பா அவர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த வரியைப் படிப்பாராம்.

"ஒருவாட்டி அப்பாவுக்குக் காய்ச்சல். கதை பாதியில நிக்குது. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க, போக மாட்டேங்கிறாங்க. அம்மா என்னைத் தூக்கி முக்காலியில உக்கார வச்சிட்டாங்க. நாலாம் வகுப்பு நான். அன்னிக்கு நான்தான் படிச்சேன். அப்புறம் அப்பா கண்ணு மங்கினதும் நானேதான் படிச்சேன், கல்யாணமாகி இங்க வர்ற வரைக்கும்."

மாமியாரோடு ஒரே வீட்டில் எத்தனையோ ஆண்டுகள் இருந்துவிட்டேன். அவர் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பார், கோயில் போவார், ரொட்டியும் ரசமும் அருமையாகச் செய்வார். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. வாசிப்பு இந்த வீட்டுக்கு என்னோடு வந்தது என்றே நினைத்திருந்தேன். ஒரு லயமே அவர் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறது! அன்று இரவு நாத்தனாருக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா எங்கிட்டகூடச் சொன்னதில்லையே அண்ணி" என்றாள்.

படகுத்துறையில் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், இம்முறை நிறுத்தி நிதானமாக. மாமியார் நடுநடுவே திருத்தினார். கங்காணி அப்படிப் பேச மாட்டான், இன்னும் அதட்டலாக வரும் என்றார். மகன் எப்போது காதிலிருந்ததைக் கழற்றினான் என்று தெரியவில்லை, துரையின் வசனங்களைத் தான் படிக்கிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டான். உயர்நிலை ஒன்றில் படிக்கிறவன், தாய்மொழித் தாளுக்கு வெளியே தமிழ் எழுத்தைத் தொடாதவன். தட்டுத் தடுமாறித்தான் படித்தான், ஆனால் துரை தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவர் என்பதால் அது அந்தப் பாத்திரத்துக்கு அழகாகப் பொருந்தியது. தலைக்கவசத் தம்பதி தமிழர்கள் என்பது அவர்கள் எங்கள் பெஞ்சுக்கு நகர்ந்து வந்தபோதுதான் தெரிந்தது. மழை விட்டு, ஆள் சேர்ந்து, படகுக்காரர் கூப்பிட்டபோது கதையில் இரண்டு பக்கம் பாக்கி. மீதியை உபின் கரையில் இறங்கி, சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் முன்பாக, கிராமத்துக் கடையில் இளநீர் குடித்துக்கொண்டே முடித்தோம். மாமியாரிடம் புத்தகத்தை நீட்டினேன். "கண்ணாடி எடுத்து வரல" என்றார். அடுத்த முறை வெளியே கிளம்பியபோது அவர் கைப்பையில் கண்ணாடிக் கூடு இருந்தது.

வாய்விட்டுப் படிக்க ஓர் இடம்

அதற்குப் பிறகு நான் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாத்தனார் கேட்டதும் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்ட பதிலும், வாசிப்பு என்றால் ஓர் ஆள், ஒரு புத்தகம், மூடிய வாய் என்று எடுத்துக்கொண்டுதான் பேசின. நம்மிடையே அது அவ்வளவு பழைய வழக்கமில்லை. புலவர் எழுதியதைச் சபையில் படித்துக் காட்டி அரங்கேற்றினால்தான் அது நூல். மழை பொய்த்தால் ஊர் கூடி மகாபாரதத்தின் விராட பருவத்தை வாசிக்க வைத்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்த வழக்கம். பத்திரிகை வந்த பிறகும் அப்படித்தான். ‘தமிழ் நேசன்’ 1924-இலிருந்து 2019-வரை நடந்தது, இங்கே ‘தமிழ் முரசு’ 1935-இல் தொடங்கி இன்னும் வருகிறது. எத்தனை பிரதி விற்றது என்பதை வைத்து இவற்றின் வாசகர்களை எண்ணவே முடியாது என்று இப்போது தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவியும் அந்தப் பத்திரிகையின் வாசகிதான். கதையில் வந்தவளுக்காக வாய்விட்டுச் சண்டை போட்டிருக்கிறாரே.

சரி, இன்றைக்கு அப்படிப் படிக்க நம் ஊரில் இடம் எங்கே இருக்கிறது? வீட்டில் ஓர் அறையில் துணைப்பாட வகுப்பு, இன்னொன்றில் இணையவழிக் கூட்டம், கூடத்தில் தொலைக்காட்சி. நூலகத்தில் குரலை எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. அந்த அமைதியை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. எம்ஆர்டி ரயிலில் பத்து வரி படித்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். கடற்கரை, படகுத்துறை, பூங்காப் பெஞ்சு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், இவைதான் மிச்சம். வெளியே போனால்தான் வாய்விட்டுப் படிக்க முடிகிறது. புத்தகம் குடும்ப உலாவுக்கு இடைஞ்சல் என்று பேசிக்கொண்டிருந்தோம். இந்த வகை வாசிப்புக்கு உலாவைவிட்டால் வேறு இடமே இல்லை.

எல்லாப் புத்தகமும் இதற்குச் சரிப்படாது என்பதையும் இந்த டிசம்பரில் தெரிந்துகொண்டோம். வர்ணனை நீளமாகப் போனால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆள்கள் பேசிக்கொள்ளும் கதை நிற்கிறது. கடிதங்கள் நன்றாக நிற்கின்றன. எல்லாவற்றையும்விட நன்றாக நிற்பது, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றியே எழுதியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பாடாங் திடலுக்குப் போனோம். ஆர்ச்சர்ட் ரோட்டு விளக்குகளைப் பார்க்கப் போகும் வழியில் கொஞ்ச நேரம் என்றுதான் திட்டம். இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நூலிலிருந்து சில பக்கங்களை எஸ்பிளனேட் பூங்காவில் அந்த ராணுவத்தின் நினைவிடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தோம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் படையினர் முன் பேசியது எதிரே தெரிந்த அதே திடலில்தான். நினைவுச் சின்னத்துக்கு அவர் 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் திரும்பி வந்ததும் அதைத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1995-இல் வைத்த அடையாளம். ஜான்சி ராணிப் படைக்கான பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் இதே ஊரில் திறந்ததையும், சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றதையும், தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெண்கள் துப்பாக்கி பிடித்ததையும் மாமியார் படித்தார். ஆம், கண்ணாடி போட்டுக்கொண்டு அவரேதான் படித்தார். முதல் இரண்டு பத்தியில் குரல் நடுங்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. பக்கம் திருப்பும் இடத்தில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். அது அவர் அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

படித்து முடித்ததும், தங்கள் தோட்டத்திலும் அந்தப் படைக்காகக் காதிலிருந்த நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் இருந்ததாகத் தன் அம்மா சொல்லக் கேட்டிருப்பதாக மாமியார் சொன்னார். அதோடு, நான் இதுவரை கேள்விப்படாத இன்னொன்றையும் சொன்னார். அவருடைய பெரியப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கூட்டிப் போனார்களாம். ஆள் திரும்பவில்லை. செய்தியும் வரவில்லை. வீட்டுக்காரருக்கே இது அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. அன்று விளக்குகளைப் பார்க்கத் தாமதமாகத்தான் போனோம்.

ஜனவரிக்குக் காத்திருக்கும் பட்டியல்

எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஏக்கம் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டித்தான் களைகட்டும். 1977-இலிருந்து நடக்கிறது, இப்போது நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில். நமக்கோ புத்தாண்டு பிறந்த கையோடு பள்ளி திறந்துவிடுகிறது. ஆறு வார விடுமுறையில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அங்கே மட்டும் முழுதாகப் போக முடியாது. அதனால் சென்னையில் இருக்கும் என் தம்பிதான் எனக்காகப் போகிறான். டிசம்பர் முழுக்கப் புதிய வெளியீடுகளின் அறிவிப்புகளைப் பார்த்துப் பட்டியல் எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். புத்தகம் கைக்கு வருவதற்கு முன் இருக்கும் இந்த வாரங்களை நான் மிகவும் விரும்புகிறேன். அட்டைப் படத்தையும் நாலு வரிக் குறிப்பையும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது.

வழக்கமாக என் பட்டியலில் இருப்பதெல்லாம் எனக்கானது. இந்த ஆண்டு ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில், இதை எங்கே உட்கார்ந்து யார் படிப்பது என்று யோசிக்கிறேன். பறவைகளைப் பற்றி ஒரு சிறுவர் நூல் கேட்டிருக்கிறேன், அது மார்ச் விடுமுறையில் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு. இடம்பெயர்ந்து வரும் கரையோரப் பறவைகள் வடக்கே திரும்புவதற்குள் மகள் படித்துவிட வேண்டும். சோழர் படை 1025-இல் கடாரம் போனதைப் பற்றி ஒரு நூல். அந்தக் கடாரம்தான் மாமியாரின் கெடா என்று நான் சொன்னதிலிருந்து மகன் நச்சரிக்கிறான். பழைய கடாரத்தின் சிதைவுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு ஜூனில் போகலாம் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், போகிற வழியில் சுங்கை பட்டாணியும் வரும். அப்புறம் மலாய் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த கதைகள் ஏதாவது கிடைத்தால் எடுத்துவை என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

பெரிய நாவல் ஒன்றும் பட்டியலில் இருக்கிறது, எழுநூறு பக்கத்துக்கு மேல். அதை யாருக்கும் படித்துக் காட்டப் போவதில்லை. ஈஸ்ட் கோஸ்ட்டில் பாய் விரித்து, என் ஆட்களின் சத்தத்துக்கு நடுவில், வாயைத் திறக்காமல் படிப்பேன். நாத்தனாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது மாமியார் கேட்ட புத்தகம். சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் போனவர்களைப் பற்றித் தமிழில் எது கிடைத்தாலும் வேண்டும் என்றார். 415 கிலோமீட்டர் பாதை, ஜப்பானியர்கள் 1942-இல் தொடங்கி 1943-இல் முடித்தார்கள். போர்க் கைதிகளைப் பற்றி ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களைப் பற்றி இருப்பது அதில் கொஞ்சம்தான். எங்கே உட்கார்ந்து படிக்கலாம், கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "இத வெளிய வச்சுப் படிக்க வேணாம்மா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் வீட்லயே படிப்போம். பெரியப்பா பேரு அதுல இருக்காதுன்னு தெரியும். எந்த ஊர் வழியா போனாங்கன்னாவது இருக்குமில்ல. நீ படி, நான் கேக்குறேன்."

தம்பி பொங்கல் முடிந்த வாரம் வருகிறான். துணியைக் குறைத்துக்கொண்டு பெட்டியில் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் புத்தகத்தை மட்டும் பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வரச் சொல்லும்படி மாமியார் இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார்.